சட்டி வைக்காத வீடு

விடிந்ததிலிருந்து அம்மிணி சமையலறை அலமாரியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். ஆறு வயது. கீழ்த்தட்டில் இருந்த உப்பு ஜாடி, புளிப்பானை, காலி டப்பாக்கள் எல்லாம் தரைக்கு வந்துவிட்டன. தட்டில் பழைய மலையாளப் பேப்பரை விரித்து, சுருக்கம் போக உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

வைத்தீஸ்வரன் முகத்தில் பாதி சோப்போடு வாசற்படியில் வந்து நின்றான்.

"என்ன பண்றே?"

"தட்டு வெக்க எடம் வேண்டாமா அப்பா?"

"எந்தத் தட்டு?"

"பட்சணத் தட்டு. இன்னிக்கு எல்லாரும் கொண்டுவருவாளே. போன தீபாவளிக்கு எடமே போறலை, ஓர்மையில்லையா? பாதியைக் கட்டிலுக்கு அடியிலன்னா வெச்சோம்."

அவனுக்கு நினைவிருந்தது. திரும்பிப் போய் மீதி முகத்தையும் வழித்தான். பழைய பிளேடு. இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம் என்று ஓட்டிக்கொண்டிருந்தது. தாடையில் வெட்டிவிட்டது.

கொச்சி மட்டாஞ்சேரியில் சமூக மடத்துக்குச் சொந்தமான வரிசை வீடுகள் அவை. எட்டு வீட்டுக்கும் ஒரே ஓட்டுக்கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் உண்டு, ஆனால் அது கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கை எழும்பி நின்றுவிடும். அதற்கு மேலே எட்டு வீட்டுக்கும் காற்று ஒன்றுதான். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'நூறு வயசு' என்பார்கள். ஒரு வாரமாக அந்தக் காற்றில் எண்ணெய் காய்கிற வாசனைதான். அம்மிணி படுத்தபடியே மூக்கால் கண்டுபிடிப்பாள். "இது பாக்கியலக்ஷ்மி மாமியாத்துது. தேங்குழல். அது கோடியாத்துல, ரவாலாடுக்கு நெய் காயறது."

எட்டு வீட்டில் வாசனை கிளம்பாத வீடு இது ஒன்றுதான்.

போன வருஷம் புரட்டாசியில் அவன் மனைவி விசாலாக்ஷி போய்ச் சேர்ந்தாள். காய்ச்சல் என்று படுத்தாள், மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள், அவ்வளவுதான். பதின்மூன்று நாள் காரியம் முடிந்த சூட்டோடு தீபாவளி வந்தது. துக்க வீட்டில் வருஷம் திரும்புகிறவரை பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது. வைக்காத வீட்டுக்கு மற்றவர்கள் கொண்டுவந்து தரவேண்டும். தந்தார்கள். முறுக்கு, லாடு, மைசூர்பாகு, முள்ளுத்தேங்குழல் என்று ஏழு வீட்டிலிருந்தும் தட்டுகள் வந்தபடி இருந்தன. பக்கத்துச் சேர்லாய்த் தெருவிலிருந்து கொங்கணிக்காரர்கள்கூட ஒரு பொட்டலம் அனுப்பினார்கள். அம்மிணி தன் பிறவியில் அத்தனை தின்பண்டத்தைச் சேர்த்துப் பார்த்ததில்லை. வைத்தீஸ்வரன் ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. தட்டுகளைக் கழுவி, வெறும் தட்டாகவே திருப்பிக் கொடுத்தான். துக்க வீட்டிலிருந்து பண்டம் எதுவும் போகக்கூடாது.

ஒன்று மட்டும் தங்கிவிட்டது. பாக்கியலக்ஷ்மி மாமியின் எவர்சில்வர் சம்புடம், மூடி போட்டது. சம்புடத்தை வெறுமே திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை, உள்ளே போட எதுவும் இல்லை. இன்றைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்று வருஷம் ஓடிவிட்டது. அதை அம்மிணி இப்போது சாம்பல் போட்டுத் துலக்கி, அலமாரியின் நட்டநடுவில் வைத்திருந்தாள்.

போன மாசம் வருஷாப்திகம் முடிந்தது. கணக்குப்படி துக்கம் தீர்ந்துவிட்டது. இனி யாரும் தட்டு கொண்டுவர மாட்டார்கள். இதை அந்தக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நான் இன்னிக்கு மாமியாத்துக்குப் போகலை அப்பா," என்றாள் அம்மிணி. அவன் கிடங்கு வேலைக்குப் போகிற நேரமெல்லாம் அவள் பாக்கியலக்ஷ்மி மாமி வீட்டில்தான் இருப்பாள். "நான் போயிட்டா இங்க தட்டை யார் வாங்கறது?"

அறையின் மூலையில் ஒரு பழுப்புப் பை இருந்தது. நேற்று அவனே அடுக்கியது. அவளுடைய ஏழு கவுன்கள், ஒரு பாவாடை, சிலேட்டு, சீப்பு. அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவன் சொல்லவுமில்லை.

விசாலாக்ஷியின் அக்கா லோகாம்பாள் இன்று பாலக்காட்டிலிருந்து வருகிறாள். அவளுக்குக் குழந்தை இல்லை. வருஷாப்திகத்தன்று பந்தி முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே நேராகக் கேட்டாள். "அம்மிணியை நான் கொண்டுபோறேன் மாப்பிள்ளை. உங்களைக் குத்தம் சொல்லலை. நீங்கோ அவளைப் பட்டினி போடலை, அடிக்கலை. ஆனா இந்த ஆத்துல கொழந்தை சிரிச்சு நான் கேக்கலை. தீபாவளிக்கு வரேன். அன்னிக்கு முடிவு சொல்லுங்கோ." அவன் தலையை ஆட்டினான். சரி என்றா, யோசிக்கிறேன் என்றா, அவனுக்கே விளங்கவில்லை. வருஷம் முழுக்க எதற்கும் அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருந்தான். லோகாம்பாள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. விசாலாக்ஷி வீட்டை இழுத்துப் பிடித்து நடத்தியவள். தேங்காயை மூன்று தடவை பிழிவாள். கிழிந்த வேட்டி தலையணை உறையாகி, பிறகு துடைப்புத் துணியாகித்தான் சாகும். தாளிக்க ஒரு ஸ்பூன் எண்ணெய், அதற்கு மேல் கை போகாது. ஆனால் மாசத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை படகுத்துறைக்குக் கிளம்பிவிடுவாள். எர்ணாகுளத்துக்குப் போட்டில் போய், இறங்காமல் அதே போட்டில் திரும்பி வருவது. முன்பக்கத்து பெஞ்சில் மூன்று பேர், நடுவில் வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்று. துறைக்கு நடந்து போனால்தான் கடலை. பஸ்ஸில் போனால் கிடையாது. அம்மிணி மூன்று வயதிலேயே நடந்தாள்.

"இதுக்கு ஒரு போக்குவரத்துச் செலவா?" என்று கேட்டிருக்கிறான்.

"சிக்கனம்னா சிரிக்காம இருக்கறதுன்னு உங்க காலேஜ்ல சொல்லிக் குடுத்தாளா?" என்றாள்.

அவள் போன பிறகு அவன் அவளுடைய சிக்கனத்தை அப்படியே காப்பாற்றினான். ஒரு ஸ்பூன் எண்ணெய் ஒரு ஸ்பூனாகவே இருந்தது. படகும் கடலையும் நின்றன. மிஞ்சியதைக் குழந்தை பெயரில் தபாலாபீசில் போட்டான். தகப்பன் செய்யவேண்டியது அதுதான் என்று நினைத்தான். அவள் நடத்திய வீட்டில் பாதியைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறோம் என்பது தோன்றவே இல்லை.

"கதவை உள்ளே சாத்திக்கோ. பெரியம்மா வருவா," என்று சொல்லிவிட்டு செருப்பை மாட்டினான்.

"தொறந்துதான் வெப்பேன். சாத்தினா எப்படி வருவா எல்லாரும்?"

பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் அடுக்கிய ஒரு மலைச்சரக்குக் கிடங்கில் அவனுக்கு வேலை. பி.காம். படித்தவன் என்பதால் இங்கிலீஷ் கடிதங்கள் அவன் பொறுப்பு. சனிக்கிழமை அரை நாள். அதுவும் தீபாவளிக்கு முந்தின நாள் என்பதால் முதலாளி குஜராத்தி சேட் பத்தரைக்கே கணக்குப்பிள்ளையை அழைத்து இனிப்புப் பெட்டிகளைக் கொடுக்கச் சொன்னார். கணக்குப்பிள்ளை மேஜை மேஜையாக வந்தார். வைத்தீஸ்வரனின் மேஜைக்கு வந்ததும் ஒரு கணம் நின்றார், கண்ணைத் தாழ்த்திக்கொண்டார், அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

எடை போடுகிற சுப்புராஜ் தன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். சாத்தூர்க்காரன். பத்து வருஷமாகக் கொச்சியில் மிளகு எடைபோட்டும் பேச்சு மாறாதவன்.

"ஒங்க பொட்டி எங்க சார்?"

"நமக்கு இல்லை."

"அதெப்படி இல்ல? போன வருசம் நீங்கதான துக்கம்னு வேண்டாம்னுட்டீங்க. இந்த வருசமும் அப்படித்தானோன்னு தயங்கிட்டுப் போறாரு மனுசன். போயி ஒரு வார்த்தை கேளுங்க சார்."

"பரவாயில்லை."

"இதையே சொல்லிட்டிருங்க. பரவாயில்ல, பரவாயில்லன்னு. சுக்கு மூட்டைக்குக்கூட நிறுத்தா முள்ளு ஆடும் சார், ஒங்களுக்கு ஆட மாட்டேங்குது." பெட்டியைத் திறந்து ஒரு பேடாவை எடுத்தான். சரக்கின் சாம்பிள் சுற்றுகிற காகிதத்தில் பொதிந்து வைத்தீஸ்வரனின் சட்டைப் பையில் திணித்தான். "ஒங்களுக்கில்ல. பாப்பாக்கு. ஒண்ணுதான், எங்க வீட்ல நாலு உருப்படி இருக்கு."

பதினொன்றரைக்கு வெளியே வந்தான். கால் நிற்கவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பவும் இல்லை. திறந்த கதவும் விரித்த பேப்பருமாக அவள் உட்கார்ந்திருப்பாள்.

வாங்கிக்கொண்டு போனால் என்ன? கையில் காசு இல்லாமல் இல்லை. குஜராத்தித் தெருவில் இனிப்புக் கடை வாசலில் கூட்டம் சாலை வரை நின்றது. அவனும் நின்றான். பின்னாலிருந்து தள்ளினார்கள், நகர்ந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள், வெள்ளை, பச்சை. பக்கத்துச் சந்தில் பையன்கள் சரத்தை உதறி உதறி ஒற்றை வெடியாக வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அவன் தோள் தூக்கிப் போட்டது.

"எந்தா வேண்டே?" கடைக்காரர் தராசைத் தட்டியபடி கேட்டார்.

"குட்டிக்கு..."

"குட்டிக்கு எந்தா இஷ்டம்?"

அவன் வாயைத் திறந்தான். தெரியவில்லை. போன வருஷம் அத்தனை தட்டு வந்ததே, அவள் எதை முதலில் எடுத்தாள்? எதைக் கடைசிக்கு வைத்தாள்? அவன் பார்க்கவில்லை. வருஷம் முழுக்க ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் பிசைந்து ஊட்டியும், தன் பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமல் ஒரு கடை வாசலில் நிற்கிறான். பின்னால் ஒருத்தி, "ஒந்நு வேகம் பறயூ சேட்டா," என்று அவசரப்படுத்தினாள். அவன் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டான்.

எர்ணாகுளம் பிராட்வேக்குப் போகலாம். அங்கே பெரிய கடைகள், நிதானமாகப் பார்த்து வாங்கலாம். இப்படி ஒரு காரணம் சொல்லிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தான். போட் கிளம்புகிற நேரம், ஓடி ஏறினான். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. முன்பக்கத்து பெஞ்சுக்குப் போனான், அங்கே வேறு யாரோ. பின்னால் போனான், எஞ்சின் புகை. மறுபடி முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். வில்லிங்டன் தீவை ஒட்டி ஒரு கப்பல் துரு வழிய நின்றது. தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. துலாவர்ஷம், ஐப்பசி மழை, மத்தியானம் ஆனால் இடித்துக்கொண்டு வரும்.

எர்ணாகுளம் துறையில் கயிறு கட்டினார்கள். எல்லோரும் இறங்கினார்கள். அவன் இறங்கவில்லை. இறங்கவேண்டும் என்று நினைத்தான், கால் அசையவில்லை. அத்தனை நாழி ஓயாமல் அலைந்த கால் இப்போது மரக்கட்டையாக நின்றது.

டிக்கெட் கிழிப்பவர் வந்தார். வயசானவர், பழக்கப்பட்ட முகம். அவனைப் பார்த்துவிட்டு, கேட்காமலே திரும்பிப் போவதற்கு இன்னொரு டிக்கெட்டைக் கிழித்தார். பிறகு பெஞ்சின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இன்னு ஒற்றைக்காணோ?"

"ஆமாம். இன்னிக்குத் தனியாத்தான்."

போட் திரும்பியது. பாதித் தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்களை இறக்கிவிட்டார்கள், உள்ளே இருட்டு. அப்போதுதான் அவன் நாக்கில் ஏதோ ருசி தெரிந்தது. இனிப்பு. ஏலக்காய். பல்லிடுக்கில் மாவு மாதிரி ஏதோ. கையைப் பார்த்தான். கசங்கிய காகிதம் கையில் இருந்தது. வெறும் காகிதம்.

குழந்தைக்கு என்று கொடுத்த ஒற்றைப் பேடாவை எப்போது எடுத்தான், எப்போது பிரித்தான், எப்போது தின்றான், எதுவும் தெரியவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் வாயில் பட்ட முதல் இனிப்பு. அது தெரியாமலே உள்ளே போயிருந்தது.

காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓரத்தில் ஒரு பொருக்கு ஒட்டியிருந்தது. அதை மடித்துப் பையில் வைத்தான். வைத்த கையோடு தன்மேலேயே எரிச்சல் வந்தது. துடித்துக்கொண்டு வந்தது. தார்ப்பாயைத் தள்ளிவிட்டு மழையில் தலையை நீட்டினான். "எந்தா சேட்டா, பிராந்தாணோ?" என்று யாரோ பைத்தியக்காரனைக் கேட்பதுபோலக் கத்தினார்கள். போட் துறையை அணைவதற்குள் குதித்துவிட்டான். குடை இல்லாமல், ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தான்.

கதவு திறந்தே இருந்தது. படியில் அம்மிணி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து அவன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் வெறுங்கை. மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னும் யாரும் வரலை அப்பா. மழையாக்கும். மழை விட்டா வருவா."

உள்ளே லோகாம்பாள் கட்டிலில் காலை நீட்டி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ மாப்பிள்ளை. இதென்ன, குளத்துல விழுந்தேளா? நான் வந்து ரெண்டு நாழியாச்சு. பக்கத்தாத்து மாமி சாயா தந்தா."

அவன் தலையைத் துவட்டவில்லை. சமையலறைக்குப் போய் அந்த அலமாரித் தட்டைப் பார்த்தான். விரித்த பேப்பர், நடுவில் சம்புடம், வேறொன்றுமில்லை. திரும்பி வந்தான். மறுபடி போனான்.

"சாயா மட்டுந்தான் தந்தாளா?" என்றான். "பட்சணம் ஒண்ணும் தரலையா?"

லோகாம்பாள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"எப்படித் தருவா?"

"ஒரு கொழந்தை காலையிலேர்ந்து வாசல்ல ஒக்காந்திருக்கு அக்கா. வருஷம் முடிஞ்சா மனுஷாளும் முடிஞ்சுபோயிடுவாளா? ஒரு முறுக்கு தந்தா கொறைஞ்சா போயிடுவா?" குரல் உயர்ந்துவிட்டது. அவன் குரல் உயர்ந்து அந்த வீடு கேட்டு நாளாகியிருந்தது. அம்மிணி படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ மாப்பிள்ளை, மெதுவா. நீங்கோ என்ன பேசறேள்? உங்காத்துல இன்னும் சட்டி வெக்கலையே!"

"என்ன சட்டி?"

"அதைத்தான் லோகா நானும் கேக்கணும்னு இருந்தேன்!" என்றது ஒரு குரல். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. பாக்கியலக்ஷ்மி மாமி. அவள் அங்கே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "ஏண்டா வைத்தி, நெஜமாவே தெரியாதா, இல்லை வேணும்னே வெக்காம இருக்கியா?"

"என்ன தெரியாதா மாமி?"

"துக்கம் கழிஞ்ச ஆத்துல மொதல்ல அவாளே எண்ணெய்ச் சட்டி வெக்கணும்டா. அந்த வாசனை வெளியில வந்தப்புறந்தான் மத்தவா தட்டை எடுத்துண்டு படியேறலாம். அதுக்கு முன்னால நான் ஒரு தட்டோட வந்து நின்னா, 'உங்காத்து துக்கம் இன்னும் தீரலை'ன்னு சொல்றாப்பல ஆயிடும். தீபாவளியும் அதுவுமா நான் அதைச் செய்வேனா?"

"அப்ப நீங்க யாரும்..."

"ஒரு வாரமா மூக்கைத் தூக்கிண்டு ஒக்காந்திருக்கேன். இன்னிக்கு வெப்பான், நாளைக்கு வெப்பான்னு. உனக்குன்னு எடுத்து வெச்சது எல்லாராத்துலயும் மூடி வெச்சிருக்கு. கோடியாத்துக்காரி, 'வைத்திக்கு மனசே ஆறலை போல இருக்கு மாமி'ன்னு அழறா."

அவன் சுவரைப் பார்த்தான். சுண்ணாம்பு உதிர்ந்த வெறும் சுவர். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமி."

"எப்படிடா சொல்றது? வருஷம் ஆச்சு, இனி நீ சந்தோஷமா இருக்கலாம்னு சுவத்துக்கு மேலேர்ந்து கத்தற விஷயமா இது? நீயா வெக்கணும்."

அவன் துவட்டாத தலையோடு சமையலறைப் பக்கம் திரும்பினான்.

"இதெல்லாம் பொம்மனாட்டிகள் பாத்துக்கற காரியம். உங்களுக்கு எப்படித் தெரியும்," என்று லோகாம்பாள் கட்டிலிலிருந்து இறங்கினாள். "நகருங்கோ. நான் வெச்சுத் தரேன்."

"வேண்டாம் அக்கா. நான் வெக்கறேன்."

"கடலை மாவு இருக்கா?"

"இல்லை."

"அரிசி மாவு?"

"இல்லை."

"உளுந்தாவது ஊறப் போட்டேளா? அதுவும் இல்லை. பின்னே எதை வறுக்கப் போறேள், கையையா?"

அம்மிணி எப்போது உள்ளே வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவள் விரலை மேலே நீட்டினாள். உத்தரத்துக் கயிற்றில் நாளைய கறிக்காக வாங்கிய ஏத்த வாழைக்காய் மூன்று தொங்கிக்கொண்டிருந்தன.

"உப்பேரி!" என்றாள். அவள் கண் பெரிதாகிவிட்டது. "எனக்கு அதுதான் இஷ்டம் அப்பா. பள்ளிக்கூடத்துல சிசிலி தருவா. ஒண்ணே ஒண்ணு தருவா."

அவன் காய்களை அறுத்துக் கீழே இறக்கினான். தோலை உரித்தபோது கை முழுக்கக் கறை. வட்டம் வட்டமாக நறுக்கவேண்டியது, ஒன்று காசு கனத்தில், ஒன்று விரல் கனத்தில் விழுந்தது. ஸ்டவ்வைப் பற்றவைத்தான். விசாலாக்ஷியின் இரும்புச் சட்டி பரணில் கவிழ்ந்து கிடந்தது. இறக்கி, அடியில் பிடித்திருந்த துருவைத் தேய்த்தான். பிறகு தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்தான். மாசக் கடைசி வரை வரவேண்டியது. பழக்கத்தில் கை ஸ்பூனைத் தேடியது. ஸ்பூனைக் கீழே வைத்தான். பாட்டிலை அப்படியே சட்டியில் கவிழ்த்தான்.

"முழுசுமா?" என்றாள் லோகாம்பாள்.

"முழுசும்."

எண்ணெய் காய்ந்தது. துண்டுகளைப் போட்டான். நுரைத்துக்கொண்டு எழும்பின. தேங்காயெண்ணெயில் காய் வேகிற வாசனை முதலில் சமையலறையை நிறைத்தது, பிறகு சுவருக்கு மேலே ஏறியது. உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை எப்போது தெளிக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. அவசரப்பட்டுத் தெளித்துவிட்டான். சட்டி சடசடவென்று பொரிந்து, ஒரு துளி அவன் மணிக்கட்டில் தெறித்தது. 'ஸ்ஸ்' என்று கையை உதறினான். சுட்டது. நன்றாகவே சுட்டது.

"வைத்தியாத்துல சட்டி வெச்சாச்சு டீ!" என்று பாக்கியலக்ஷ்மி மாமி அந்தப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக் கூவினாள். அந்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு, கூரைக்கடியில் குரல் ஓடியது. மாமியின் வீட்டுக்காரர் ராமபத்ரன் மூக்கை இழுக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

"இதென்ன வாசனை? ஓணத்து உப்பேரியா? வைத்தி, ஓணம் கழிஞ்சு ரெண்டு மாசமாச்சுடா!"

"சும்மா இருங்கோ. எதை வறுத்தா என்ன, சட்டி சட்டிதான்," என்றாள் மாமி.

அம்மிணி சிரித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல். "ஓணமாம்! ஓணமாம்!" என்று சுற்றிச் சுற்றி வந்தாள். லோகாம்பாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஈடு வெந்தும் வேகாமலும் வந்தது. இரண்டாவது ஈடு கருகியது. மூன்றாவது பரவாயில்லை. அம்மிணி அலமாரியிலிருந்து சம்புடத்தை எடுத்துவந்து நீட்டினாள். ஆறியதும் நல்லதாகப் பொறுக்கி அதை நிறைத்தான். மூடி சரியாகப் பொருந்த அழுத்த வேண்டியிருந்தது.

"இதைக் கொண்டுபோய் மாமி கையில குடு. வெச்சுட்டு ஓடிவந்துடாதே. கையில குடுக்கணும்."

அவள் போய்த் திரும்புவதற்குள் படியில் ஆள் சத்தம். கோடியாத்துக்காரி தலையில் முறத்தைப் பிடித்துக்கொண்டு, தட்டை முந்தானையால் மூடி எடுத்துவந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அம்மிணி ஓடிவந்து ஒவ்வொரு தட்டாக வாங்கி, பேப்பர் விரித்த இடத்தில் வைத்தாள். எதையும் தின்னவில்லை. அவள் மடியில் கருகின உப்பேரி இருந்தது, அதைத்தான் கறுமுறுவென்று கடித்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் போனபின் லோகாம்பாள் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள்.

"உப்பே இல்லை."

"தெளிச்சேனே."

"தெளிச்சது சட்டிக்கு வெளியிலதான் நிறைய விழுந்தது." இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். பிறகு மூலையில் இருந்த பழுப்புப் பையைப் பார்த்தாள். "ஒரு சட்டி உப்பேரி வறுத்தா எல்லாம் சரியாயிடுமா மாப்பிள்ளை?"

"ஆகாது."

"நாளைக்கழிச்சு மறுபடியும் ஒரு ஸ்பூன் எண்ணெய்தானே?"

"ஆமாம். ஒரு ஸ்பூன்தான். இந்த மாசம் அதுவும் வறுத்து மீந்த எண்ணெய்தான்." அவன் உட்காரவில்லை. வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில் நின்றான். மணிக்கட்டில் கொப்புளம் எழும்பியிருந்தது, அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "அவ இங்கயே இருக்கட்டும் அக்கா. நான் தலையாட்டினது தப்பு. எதுக்கு ஆட்டறேன்னு தெரியாம ஆட்டினேன்."

லோகாம்பாள் பையிலிருந்து கண்ணை எடுத்தாள். அவளும் ஒரு வருஷமாக ஒரு குழந்தையை மனசில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள். முகம் ஒரு பக்கமாக இழுத்தது. முழங்காலை மறுபடி தேய்த்தாள்.

"பெரிய லீவுக்கு அனுப்புவேளா?"

"அனுப்பறேன்."

"வெறுதே சொல்லாதேங்கோ."

"நானே கொண்டுவந்து விடறேன்."

"அம்மிணி," என்று அவன் கூப்பிட்டான். அவள் விரலை நக்கிக்கொண்டு வந்தாள். "நாளைக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு, பெரியம்மாவையும் கூட்டிண்டு போட்ல போகலாம். போயிட்டு அதுலயே திரும்பி வரலாம்."

அவள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கேட்டதை நம்பலாமா என்று பார்க்கிற பார்வை.

"நடந்தா, பஸ்ஸா?"

"நடந்து."

"அப்ப கடலை உண்டு," என்றாள் லோகாம்பாளிடம், விளக்கம் சொல்கிற மாதிரி.

"ஈசுவரா, எனக்குத் தண்ணியைக் கண்டாலே தலை சுத்தும்," என்றாள் லோகாம்பாள்.

"முன்னால ஒக்காந்தா சுத்தாது பெரியம்மா. பின்னாலதான் பொகை."

அம்மிணி மூலைக்குப் போனாள். பழுப்புப் பையின் வாயைப் பிரித்து, உள்ளே கையை விட்டுத் துழாவினாள். அது ஏன் அங்கே இருக்கிறது, யார் அடுக்கினார்கள் என்று இப்போதும் கேட்கவில்லை. பாவாடையை இழுத்து வெளியே போட்டாள், சிலேட்டை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். அடியில் இருந்த சிவப்பு கவுனை எடுத்து உதறி, நாளைக்கு இது என்று கட்டில் சட்டத்தில் போட்டாள். பை தொளதொளவென்று மடிந்து விழுந்தது.

மழை விட்டிருந்தது. குஜராத்தித் தெருப் பக்கம் சரவெடி தொடங்கியது. அவன் தோள் இப்போதும் தூக்கிப் போட்டது. மீந்த எண்ணெயை வடிகட்டிப் பாட்டிலில் ஊற்ற உட்கார்ந்தான். ஒரு துளி சிந்தாமல் ஊற்றினான். ஊற்றி முடிக்கும் முன்பே எழுந்து, தட்டுகள் இருக்கிற இடத்துக்குப் போனான்.

"எதுலேர்ந்து ஆரம்பிக்கப் போறே?" என்று கேட்டுவிட்டு, அவள் கை எதன்மேல் போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றான்.